குழந்தை உடம்பில் சிவப்புப் புள்ளி! வேப்பிலை போதுமா, டாக்டர் வேண்டுமா?

அமெரிக்கா பணக்கார நாடு. பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் உள்ள நாடு. சந்திரனுக்கு மனிதனை அனுப்பிய நாடு.

அந்த நாட்டில், 2025-ம் ஆண்டில், இரண்டு சிறுமிகள் தட்டம்மையால் இறந்து போனார்கள். ஒருத்திக்கு வயது 6. இன்னொருத்திக்கு வயது 8.

இரண்டு பேருமே நன்றாக ஓடியாடிக் கொண்டிருந்த குழந்தைகள். வேறு நோய் எதுவும் கிடையாது. ஆனால் இரண்டு பேருக்கும் தடுப்பு ஊசி போடப்படவில்லை.

"எங்கள் நாட்டில் தட்டம்மையை ஒழித்து விட்டோம்" என்று அமெரிக்கா அறிவித்தது 2000-ம் ஆண்டில். 25 ஆண்டு கழித்து அது திரும்பி வந்து விட்டது.

போன நோய் எப்படித் திரும்பி வந்தது? நம் வீட்டுக் குழந்தைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? குழந்தையின் உடம்பில் சிவப்புப் புள்ளி தெரிந்தால், தாய் பயப்பட வேண்டுமா, வேண்டாமா?

பருத்திக் காட்டில் பிடித்த தீ

டெக்சாஸ் மாநிலத்தின் மேற்கே கெயின்ஸ் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. பருத்தியும் வேர்க்கடலையும் விளைகிற பூமி. அங்கே மென்னோனைட்டு என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நெருங்கி வாழ்கிறார்கள். அவர்களில் பலர் குழந்தைகளுக்குத் தடுப்பு ஊசி போடுவதில்லை.

2025 ஜனவரி கடைசியில் அங்கே இரண்டொரு பேருக்குத் தட்டம்மை கண்டது. சில வாரங்களில் அது பக்கத்து மாவட்டங்களுக்குத் தாவியது. பக்கத்து மாநிலமான நியூ மெக்சிகோவுக்கும் போயிற்று. அங்கே பெரியவர் ஒருவர் இறந்தார். அவரும் ஊசி போட்டுக் கொள்ளாதவர்.

ஆகஸ்டு 18-ந் தேதி, "இங்கே பரவல் நின்று விட்டது" என்று டெக்சாஸ் சர்க்கார் அறிவித்தது. அதற்குள் 762 பேருக்கு நோய் கண்டு விட்டது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் குழந்தைகள். 99 பேர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டி வந்தது.

டெக்சாஸில் நின்றதே தவிர, நாட்டில் நிற்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அமெரிக்கா முழுவதும் 2,000 பேருக்கு மேல் தட்டம்மை கண்டது. பக்கத்து நாடான கனடாவின் கதி இன்னும் மோசம். அங்கே 5,000 பேருக்கு மேல் கண்டது. "தட்டம்மை இல்லாத நாடு" என்ற பெயரையே கனடா 2025 நவம்பரில் இழந்து விட்டது.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஊசிக்குப் பதிலாக மீன் எண்ணெய் கொடுத்தால் போதும் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. மீன் எண்ணெயில் 'ஏ' வைட்டமின் உண்டு. தட்டம்மை கண்ட குழந்தைக்கு டாக்டர்கள் 'ஏ' வைட்டமின் கொடுப்பது உண்மைதான். அதைக் கணக்காக, இரண்டு நாள் மட்டும் கொடுப்பார்கள். வீட்டில் கணக்கில்லாமல் கொடுத்ததால் சில குழந்தைகளுக்கு ஈரல் கெட்டு, அதற்கு வேறு வைத்தியம் பார்க்க வேண்டியதாயிற்று. பாதி தெரிந்த வைத்தியம் செய்கிற வேலை இது!

பொய் ஒன்று, சாவு பல

ஊசிக்கு ஏன் பயந்தார்கள்?

1998-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்ற டாக்டர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பார்த்தது 12 குழந்தைகளை மட்டும். அதை வைத்துக் கொண்டு, தட்டம்மை ஊசிக்கும் 'ஆட்டிசம்' என்ற மனவளர்ச்சிக் கோளாறுக்கும் தொடர்பு இருப்பதாக ஊரைக் கிளப்பி விட்டார்.

பிறகு பல நாடுகளில் லட்சக்கணக்கான குழந்தைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். அப்படி ஒரு தொடர்பும் இல்லை என்று தெரிந்தது. கட்டுரையை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் அதை வாபஸ் வாங்கியது. அதே ஆண்டில் வேக்பீல்டின் டாக்டர் பட்டியல் பெயரும் அடிக்கப்பட்டது.

ஆனால் பொய் வாபஸ் ஆகவில்லை. அது இன்றும் கைக்குக் கை, போனுக்குப் போன் போய்க் கொண்டிருக்கிறது.

நம் ஊரும் இதற்கு விலக்கல்ல. 2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் தட்டம்மை - ரூபெல்லா ஊசி போட ஏற்பாடு ஆயிற்று. தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் முதலில் தொடங்கினார்கள். உடனே வாட்ஸ் அப்பில் வதந்தி பறந்தது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பாமல் நிறுத்திக் கொண்ட பெற்றோர் உண்டு. பிப்ரவரியில் முடிய வேண்டிய வேலை தமிழ்நாட்டில் மார்ச் மாதத்துக்கும் நீண்டது.

மூச்சுக் காற்றில் வருகிறது

தட்டம்மையை நம் பாட்டிமார் 'மணல்வாரி' என்று சொல்வார்கள். மணலை வாரி இறைத்தது போல் உடம்பெல்லாம் பொடிப் பொடியாக இருக்கும். பொருத்தமான பெயர்.

இதற்குக் காரணம் ஒரு கிருமி. கண்ணுக்குத் தெரியாத வைரஸ். நோயாளி இருமினால், தும்மினால், அது காற்றில் கலக்கிறது. நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்தக் காற்றில் உயிரோடு இருக்கும்.

நோய்த் தடுப்பு இல்லாத 10 பேர் நோயாளியின் பக்கத்தில் இருந்தால், 9 பேருக்குத் தொற்றி விடும். தொற்று நோய்களில் இவ்வளவு வேகமாகப் பரவுவது வேறு ஏதாவது உண்டா என்றால், அநேகமாக இல்லை என்றே சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சூது இருக்கிறது. உடம்பில் புள்ளி தெரிவதற்கு 4 நாள் முன்பே நோய் மற்றவர்களுக்குப் பரவத் தொடங்கி விடுகிறது. அந்த 4 நாளும் தாய் என்ன நினைப்பாள்? "குழந்தைக்குச் சளி பிடித்திருக்கிறது" என்று நினைப்பாள். கடைக்குத் தூக்கிப் போவாள். கல்யாணத்துக்குக் கொண்டு போவாள். புள்ளி தெரிந்த பிறகும் 4 நாள் பரவும்.

எப்படித் தெரிந்து கொள்வது?

கிருமி உள்ளே போய்ப் பத்து நாள், பன்னிரண்டு நாள் வரை ஒன்றும் தெரியாது. பிறகு ஜுரம் வரும். சாதாரண ஜுரம் அல்ல. 103, 104 டிகிரி கூடப் போகும். கூடவே இருமல், மூக்கு ஒழுகுதல், கண் சிவத்தல். வெளிச்சத்தைப் பார்த்தால் குழந்தை கண்ணை மூடிக் கொள்ளும்.

இந்தச் சமயத்தில் குழந்தையின் கன்னத்தின் உள்பக்கத்தைப் பார்த்தால், உப்புத் தூளைத் தெளித்தது போல் வெள்ளைப் பொடிகள் தெரியலாம். 1896-ம் ஆண்டில் இதை விவரமாக எழுதி வைத்தவர் ஹென்றி காப்ளிக் என்ற அமெரிக்க டாக்டர். இன்றும் டாக்டர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது இதற்காகவும்தான்.

ஜுரம் வந்த மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் புள்ளிகள் கிளம்பும். முதலில் காதுக்குப் பின்னால், மயிர் முளைக்கும் நெற்றி ஓரத்தில். அங்கிருந்து முகம், கழுத்து, மார்பு, வயிறு, கை, கால் என்று மேலிருந்து கீழே இறங்கும். இந்த வரிசையை மறக்கக் கூடாது. வேர்க்குரு இப்படி இறங்காது. கொசுக்கடி இப்படி இறங்காது.

சின்னம்மை வேறு. அதில் புள்ளி கொப்புளமாகி உள்ளே நீர் கட்டும். தட்டம்மையில் நீர் கட்டாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 'சிவப்புப் புள்ளி' என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. படமும் போட்டிருக்கிறது. அந்தப் படங்களில் பெரும்பாலும் வெள்ளைக்காரக் குழந்தைதான் இருக்கும். மாநிறமோ கறுப்போ உள்ள நம் குழந்தையின் உடம்பில் அந்தச் சிவப்பு அப்படியே தெரியாது. தோலின் நிறத்தை விடக் கொஞ்சம் கறுத்துத் தெரியும். சில சமயம் நிறமே மாறாது. கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். ஆகவே, கண்ணால் மட்டும் பார்க்கக் கூடாது. பகல் வெளிச்சத்தில் நிறுத்தி, கையாலும் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளங்கை, உள்ளங்கால், கீழ் இமையின் உள்பக்கம், வாயின் உள்பக்கம் - இந்த இடங்களில் நிற வித்தியாசம் சுலபமாகத் தெரியும்.

வாசலில் வேப்பிலை

அம்மை கண்டால் வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது நம் வழக்கம். "ஆத்தா வந்திருக்கிறாள்" என்பார்கள். வெளியார் உள்ளே வர மாட்டார்கள். வீட்டார் வெளியே போக மாட்டார்கள். வீடு சுத்தமாக இருக்கும்.

இதை மூட நம்பிக்கை என்று ஒரேயடியாகத் தள்ளி விட முடியாது. நோயாளியைத் தனியாக வைக்க வேண்டும் என்று இன்றைய டாக்டரும் சொல்கிறார். வேப்பிலையைப் பார்த்து விலகிப் போனவன் நோயிலிருந்து தப்பினான்.

2019-ம் ஆண்டில் பசிபிக் கடலில் உள்ள சமோவா என்ற தீவு நாட்டில் இதே போல் ஒன்று நடந்தது. அங்கே அந்த ஆண்டு தட்டம்மை தலைவிரித்து ஆடியது. சர்க்கார் டிசம்பர் 5, 6 ஆகிய இரண்டு நாளும் கடை கண்ணி, அலுவலகம் எல்லாவற்றையும் மூடச் சொன்னது. ஊசி போடாத ஆள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னது. ஊசி போடுகிறவர்கள் சிவப்புத் துணியைப் பார்த்துப் பார்த்து வீடு வீடாகப் போனார்கள்.

நம் வேப்பிலை "வராதே" என்று சொல்லிற்று. சமோவாவின் சிவப்புத் துணி "வா" என்று டாக்டரைக் கூப்பிட்டது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சமோவாவில் நோய் அப்படிப் பரவியதற்கும் காரணம் உண்டு. 2018 ஜூலையில் அங்கே ஊசி போட்ட இரண்டு கைக் குழந்தைகள் இறந்து விட்டன. மருந்தின் மேல் குற்றமில்லை. மருந்துப் பொடியைத் தண்ணீரில் கலப்பதற்குப் பதிலாக, நர்சுகள் தவறுதலாக வேறொரு மருந்தில் கலந்து விட்டார்கள். இரண்டு நர்சுகளுக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் மக்கள் பயந்து போனார்கள். சர்க்காரும் பல மாதம் ஊசி போடுவதை நிறுத்தி வைத்தது. ஊசி போட்ட குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போயிற்று. அந்த நேரம் பார்த்துத் தட்டம்மை உள்ளே புகுந்தது.

சுமார் 2 லட்சம் பேர் உள்ள சின்ன நாடு. 83 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

வேப்பிலையோடு சேர்ந்து வருகிற இரண்டு வழக்கங்கள்தான் ஆபத்தானவை. ஒன்று, "மருந்து கொடுத்தால் ஆத்தா கோபித்துக் கொள்வாள்" என்று மருந்தை நிறுத்துவது. மற்றொன்று, பத்தியம் என்று சொல்லிக் குழந்தையைப் பட்டினி போடுவது. தட்டம்மையில் வாய் புண்ணாகும். பேதி ஆகும். உடம்பில் நீர் வற்றும். அந்த நேரத்தில் சாப்பாட்டையும் குறைத்தால் குழந்தை எதை வைத்துப் போராடும்? தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. கஞ்சி, இளநீர், பருப்புச் சாதம் எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுக்க வேண்டும்.

கொல்வது புள்ளி அல்ல

தட்டம்மையில் சாகிற குழந்தை புள்ளியால் சாவதில்லை. நோய் நுரையீரலில் இறங்கி, நிமோனியா வந்து சாகிறது. அல்லது பேதியாகி நீர் வற்றிச் சாகிறது. ஆயிரத்தில் ஒரு குழந்தைக்கு மூளையில் வீக்கம் வரும். 'ஏ' வைட்டமின் குறைந்த குழந்தைக்குக் கண் பார்வையே போய் விடலாம். காதில் சீழ் பிடித்துச் செவிடாவதும் உண்டு.

அபூர்வமாக, நோய் குணமாகி 7 ஆண்டு, 10 ஆண்டு கழித்து, மூளையில் பதுங்கியிருந்த கிருமி கிளம்பும். அப்போது மருந்து கிடையாது. கைக் குழந்தையாக இருக்கும் போது நோய் கண்டவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம்.

இன்னொரு சேதி 2019-ல் வெளி வந்தது. நெதர்லாந்தில் ஊசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தை, தட்டம்மை வருவதற்கு முன்னும் வந்த பின்னும் எடுத்துச் சோதித்தார்கள். மற்ற நோய்களை எதிர்க்க உடம்பு சேர்த்து வைத்திருந்த சக்தியில் 11 முதல் 73 சதவீதம் வரை அழிந்து போயிருந்தது! பல வருஷம் சேர்த்த பணத்தைத் திருடன் ஒரே ராத்திரியில் கொண்டு போவது போலத்தான். தட்டம்மை போன வீட்டில் அடுத்த சில மாதம் குழந்தை மாற்றி மாற்றிப் படுப்பதற்குக் காரணம் இதுதான்.

கண்ணாடி டம்ளர் சோதனை

உடம்பில் வரும் எல்லாப் புள்ளியும் தட்டம்மை அல்ல.

வெயில் காலத்தில் வேர்க்குரு வரும். கொசு கடிக்கும். சொறி சிரங்கு வரும். ஒத்துக் கொள்ளாததைச் சாப்பிட்டால் தடிப்புத் தடிப்பாக வந்து சில மணி நேரத்தில் மறையும். நடு வயதுக்கு மேல் மார்பிலும் வயிற்றிலும் குன்றிமணி நிறத்தில் சிறு புள்ளிகள் முளைக்கும். அவை எதுவும் செய்யா. இவற்றுக்கெல்லாம் ராத்திரி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதில்லை.

ஓட வேண்டிய புள்ளி ஒன்று உண்டு. அதைக் கண்டு பிடிக்க ஒரு சுலபமான சோதனை இருக்கிறது.

சாதாரணச் சிவப்புப் புள்ளியை விரலால் அழுத்தினால் சிவப்பு மறையும். விரலை எடுத்தால் திரும்பி வரும். அது தோலில் உள்ள ரத்தக் குழாய் விரிந்ததால் வந்த சிவப்பு. அழுத்தினாலும் மறையாத புள்ளி வேறு வகை. அங்கே ரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்து தோலுக்கு அடியில் நிற்கிறது.

விரலால் அழுத்தினால் விரலே மறைத்து விடும். ஆகவே கண்ணாடி டம்ளரால் அழுத்திப் பார்க்க வேண்டும். டம்ளரின் பக்கவாட்டைப் புள்ளியின் மேல் வைத்து நன்றாக அழுத்தி, கண்ணாடி வழியாகப் பார்க்க வேண்டும். எவர்சில்வர் டம்ளர் உதவாது. வீட்டில் கண்ணாடி டம்ளர் இல்லாவிட்டால் நிறமில்லாத கண்ணாடிப் பாட்டில் போதும்.

ஜுரமும் இருந்து, கண்ணாடிக்கு அடியில் புள்ளி மறையாமல் நின்றால், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும் ஜுரமாக இருக்கலாம். அது சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும். டெங்குவாகவும் இருக்கலாம். ஜுரமே இல்லாமல் இப்படிப் புள்ளி வந்து, ஈறிலோ மூக்கிலோ ரத்தம் கசிந்தால், ரத்தம் சம்பந்தமான நோயாக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்கு அடியில் புள்ளி மறைந்து விட்டது. அப்படியானால் பயமில்லையா? அப்படியும் முடிவு கட்டக் கூடாது. தட்டம்மைப் புள்ளியும் ஆரம்பத்தில் மறையத்தான் செய்யும். குழந்தை துவண்டு கிடந்தால், டம்ளர் என்ன சொன்னாலும் சரி, ஆஸ்பத்திரிதான்.

ஜுரம் விட்ட பிறகு வரும் ஆபத்து

டெங்கு நமக்குப் புதிதல்ல. 2017-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் கண்டது. 65 பேர் இறந்தனர்.

டெங்குவில் பெற்றோர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் ஜுரம் இறங்கும். "அப்பாடா, விட்டு விட்டது" என்று வீட்டில் மூச்சு விடுவார்கள். ஆபத்து தொடங்குவதே அப்போதுதான்! ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைகின்றன.

ஜுரம் விட்ட பிறகு கடுமையான வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறில் அல்லது மூக்கில் ரத்தம், கறுத்த மலம், கை கால் சில்லிடுதல், குழந்தை நிலை கொள்ளாமல் புரளுதல் அல்லது எழுப்ப எழுப்பத் தூங்குதல் - இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நிலவேம்புக் குடிநீரைச் சர்க்காரே கொடுத்தது. குடிக்கிறவர்கள் குடிக்கலாம். குடித்து விட்டோம் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருப்பதுதான் தவறு. ஜுரத்துக்குப் பாரசிடமால் தவிர, ஆஸ்பிரின், புரூபன் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிக் கொடுக்கக் கூடாது. ரத்தக் கசிவை அவை அதிகமாக்கும்.

இன்னொன்று உண்ணிக் காய்ச்சல். 'ஸ்க்ரப் டைபஸ்' என்பது டாக்டர்கள் சொல்லும் பெயர். 2024 கடைசியில் தமிழ்நாட்டில் சில மாவட்டங்களில் இது அதிகமானதால், சுகாதாரத் துறை எச்சரிக்கை விடுத்தது. புதரிலும் வயலிலும் இருக்கும் மிகச் சிறிய பூச்சி கடிப்பதால் வருகிறது. கடித்த இடம் சிகரெட்டால் சுட்டது போல் கறுத்துப் பொருக்குக் கட்டியிருக்கும். வலிக்காது. அக்குள், தொடை இடுக்கு என்று மறைவான இடத்தில் இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. சீக்கிரம் கண்டு பிடித்தால் சாதாரண மாத்திரையில் குணமாகும். விட்டால் உயிருக்கு ஆபத்து. குழந்தைக்கு விடாத ஜுரம் என்றால், உடுப்பைக் கழற்றி உடம்பு முழுவதும் பார்ப்பது நல்லது.

மாத்திரை சாப்பிடத் தொடங்கிய பிறகு உடம்பில் புள்ளி வந்து, வாயிலும் கண்ணிலும் புண் வந்தால், அந்த மாத்திரையை நிறுத்தி விட்டு, மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துக் கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். தடிப்போடு உதடு வீங்கி மூச்சுத் திணறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது. 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

தட்டம்மை என்று சந்தேகம் வந்தால் போகும் முன்பே ஆஸ்பத்திரிக்குச் சொல்லி விடுவது நல்லது. கூட்டத்தில் உட்கார வைத்தால், பக்கத்தில் உள்ள கைக் குழந்தைக்கெல்லாம் பரவும். மூச்சு வேகமாக இருந்தாலும், நெஞ்சு உள்ளே இழுத்தாலும், பால் குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், அது அவசரம். ஒரு வயது ஆகாத குழந்தை, சவலைப் பிள்ளை, கர்ப்பிணி - இவர்களுக்கு இலேசாக இருந்தாலும் காட்ட வேண்டும்.

மும்பையில் என்ன ஆயிற்று?

கொரோனாக் காலத்தில் உலகம் முழுவதும் ஊசி போடும் வேலை தடைப்பட்டது. 2021-ம் ஆண்டில் மட்டும் சுமார் 4 கோடிக் குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசியில் ஒரு தவணை தவறிப் போயிற்று.

பலனை மும்பை 2022 கடைசியில் அனுபவித்தது. கோவண்டி என்ற இடத்தில், ஒண்டுக் குடித்தனங்களும் குடிசைகளும் நெருங்கிய சந்துகளில், நோய் கிளம்பியது. குழந்தைகள் இறந்தன. ஊசி தவறிய குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டன. டெக்சாஸில் பெற்றோர் வேண்டாம் என்றார்கள். மும்பையில் பலருக்கு ஊசி போய்ச் சேரவில்லை. காரணம் வேறு, கிருமிக்கு இரண்டும் ஒன்றுதான்.

100 குழந்தைகளில் 95 பேருக்கு இரண்டு தவணையும் போட்டிருந்தால், மீதி 5 பேருக்கும் அது வேலி போல் நிற்கும். 95 குறைந்தால் வேலியில் ஓட்டை விழும்.

இந்தியாவின் கணக்கு என்ன? 2024-25-ல் முதல் ஊசி போட்டவர்கள் 93.7 சதவீதம். இரண்டாவது ஊசி 92.2 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு 2 கோடிக் குழந்தைகளுக்கு மேல் பிறக்கும் நாட்டில், 6 சதவீதம் விட்டுப் போனாலும் அது 12 லட்சத்துக்கு மேல். அவர்களும் நாடு முழுவதும் பரவலாக இல்லை. ஒரு சேரி, ஒரு மலைக் கிராமம், ஒரு செங்கல் சூளை என்று ஒரே இடத்தில் குவிந்து கிடக்கிறார்கள். கோவண்டியில் நடந்தது அதுதான்.

2025 ஏப்ரலில் மத்திய சர்க்கார், 2026-க்குள் தட்டம்மையையும் ரூபெல்லாவையும் ஒழிக்க இயக்கம் தொடங்கியது. அந்த ஆண்டு முதல் மூன்று மாதத்தில் 332 மாவட்டங்களில் தட்டம்மை ஒருவருக்குக் கூட இல்லை என்று அப்போது சொன்னார்கள். இது சின்னச் சாதனை அல்ல. 2000-ம் ஆண்டில் உலகத்தில் தட்டம்மையால் இறந்தவர்கள் 7 லட்சத்து 77 ஆயிரம் பேர் என்று மதிப்பு. 2024-ல் அது சுமார் 95 ஆயிரம். குறைத்தது ஊசிதான், வேறொன்றுமில்லை.

எப்போது, எங்கே போடுவது?

முதல் ஊசி 9 மாதம் முடிந்து 12 மாதத்துக்குள். அதற்கு முன் ஏன் போடுவதில்லை? தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடம்பில் சில மாதம் இருக்கும். அது ஊசி மருந்தை வேலை செய்ய விடாது. அந்தச் சக்தி கரையும் சமயம் பார்த்து முதல் ஊசி போடுகிறார்கள். இரண்டாவது ஊசி 16 மாதம் முதல் 24 மாதத்துக்குள். ஒன்று போட்டாயிற்று என்று இரண்டாவதை விடுகிறவர்கள் அதிகம். முதல் ஊசி எல்லாக் குழந்தைக்கும் பிடிப்பதில்லை. பிடிக்காத குழந்தைக்குத்தான் இரண்டாவது.

ஊசி போட்ட ஒரு வாரம், பத்து நாளில் சில குழந்தைகளுக்கு இலேசான ஜுரமும் சில புள்ளிகளும் வரலாம். அது தானே போய் விடும். கர்ப்பிணிகள் இந்த ஊசி போட்டுக் கொள்ளக் கூடாது. அதே ஊசியில் உள்ள ரூபெல்லா மருந்து பிற்காலத்தில் கர்ப்பிணிகளைத்தான் காப்பாற்றுகிறது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் ரூபெல்லா கண்டால் குழந்தை கண் புரையோடு, காது கேளாமல், இருதயக் கோளாறோடு பிறக்கலாம். 1941-ல் இதை முதலில் கவனித்தவர் நார்மன் கிரெக் என்ற ஆஸ்திரேலியக் கண் டாக்டர்.

தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் புதன்கிழமை ஊசி நாள். காசு கிடையாது. தவணை தவறிப் போன குழந்தைக்கு 5 வயது வரை அங்கே போடுகிறார்கள். சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம். பிழைப்புக்காக ஊர் மாறி வந்தவர்கள் சொந்த ஊருக்குத் திரும்பிப் போக வேண்டியதில்லை. இருக்கும் ஊரிலேயே போட்டுக் கொள்ளலாம். ஊசி அட்டை தொலைந்து போயிருந்தாலும் திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஏற்கனவே போட்டதா, இல்லையா என்று ஞாபகம் இல்லாமல் இன்னொரு முறை போட்டாலும் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.